ஜவுளிக்கடையிலிருந்து நகரமன்றத்துக்கு: ஸ்ட்ராட்ஃபர்டின் ரிச்சர்ட் குவைனி

1602ஆம் ஆண்டு மே 31 அன்று, இங்கிலாந்தின் வார்விக்‌ஷயர் மாவட்டத்தில் ஏவன் ஆற்றங்கரையிலுள்ள ஸ்ட்ராட்ஃபர்ட் நகரில், பதவியிலிருந்த நகரத்தலைவர் ஒருவர் அடக்கம் செய்யப்பட்டார். அவர் பெயர் ரிச்சர்ட் குவைனி; தொழில் ஜவுளி வணிகம். சந்தைக் காலத்து இரவொன்றில் குடிவிடுதிச் சண்டையை விலக்கப் போன அவருடைய மண்டையை, ஊரின் நிலப்பிரபுவிடம் வேலை செய்த ஒருவன் உடைத்தான். அந்தக் காயமே அவர் உயிரைப் பறித்தது என்று கொள்வதற்கு எல்லா இடமும் உண்டு. அடித்தவன் மீது எந்த நடவடிக்கையும் இல்லை.

ஷேக்ஸ்பியரின் வாழ்க்கையைப் படிப்பவர்கள் குவைனியை ஓர் அடிக்குறிப்பில் கண்டு கடந்துவிடுவார்கள். அந்த மகாகவிக்கு எழுதப்பட்டவற்றுள் இன்று நம் கைக்குக் கிடைத்திருக்கும் ஒரே கடிதத்தை எழுதியவர் என்பதே அவருக்குக் கிடைத்த புகழ். அது அவருக்குப் போதுமான மரியாதை ஆகாது. எலிசபெத் அரசியின் காலத்தில் ஒரு சிறு நகரம் தன்னைத் தானே ஆள முயன்றபோது, அதற்கான பணமும் உழைப்பும் எங்கிருந்து வந்தன என்பதைக் குவைனியின் வாழ்க்கையைப் போலத் தெளிவாகக் காட்டும் ஆவணத் தொகுப்பு அரிது. நகரத்தின் உரிமை அரச பட்டயத்தில் எழுதப்பட்டிருந்தது. அந்த உரிமை பறிபோகாமல் காத்தது, ஒரு வணிகருக்குச் சந்தையில் இருந்த வாக்குநாணயம்.

பட்டயமும் அதிலிருந்த ஓட்டையும்

ஸ்ட்ராட்ஃபர்டின் பொதுக் காரியங்களைப் பல தலைமுறைகளாகக் கவனித்து வந்தது புனிதச் சிலுவைச் சங்கம் என்ற மதச் சங்கம். 1547இல் அரசு அதைக் கலைத்தது. ஆறு ஆண்டுகள் கழித்து, 1553 ஜூனில், ஆறாம் எட்வர்டு மன்னர் தம் இறப்புக்குச் சில நாட்கள் முன்பு நகருக்கு ஒரு பட்டயம் வழங்கினார். பதினான்கு மூத்த உறுப்பினர்களும் பதினான்கு இளைய உறுப்பினர்களும் கொண்ட நகரமன்றம் அமைந்தது. ஆண்டுதோறும் செப்டம்பரில் அவர்கள் தங்களுள் ஒருவரைத் தலைவராகத் தேர்ந்தெடுப்பார்கள். அந்தப் பதவிக்கு பெய்லிஃப் என்று பெயர். நகர நீதிமன்றத்தில் அமர்வது, சந்தையை மேற்பார்ப்பது, ரொட்டிக்கும் பியருக்கும் விலை கட்டுவது, ஊரில் அமைதி காப்பது எல்லாம் அவர் பொறுப்பு. சம்பள வேலை என்று சொல்லத்தக்கது அன்று. கடையையும் தொழிலையும் பார்த்துக்கொண்டே இதையும் பார்க்க வேண்டும். ஆகவே கையில் கொஞ்சம் வசதி உள்ளவர்களே இதில் நிலைக்க முடிந்தது. துணிக்காரர், கையுறை தைப்பவர், கசாப்புக்காரர், மால்ட் (பியருக்கான முளைகட்டிய தானியம்) வியாபாரி என்று மன்றம் முழுவதும் கடைத்தெரு மனிதர்களே இருந்தார்கள்.

நகரின் நிலவுரிமை மட்டும் பழையபடி நிலப்பிரபுவிடமே தங்கியது. பாதிரியாரையும் பள்ளி ஆசிரியரையும் நியமிக்கும் அதிகாரம் அவருக்கு. நகரத்தலைவர் தேர்தலுக்கும் தம் ஒப்புதல் வேண்டும் என்று அவர் கோர இடமிருந்தது. வார்விக் பிரபு அம்புரோஸ் டட்லி நிலவுரிமை வைத்திருந்த காலத்தில் இந்தச் சிக்கல் உறங்கிக் கிடந்தது. 1590இல் அவர் வாரிசின்றி இறந்ததும் விழித்துக்கொண்டது.

குவைனி குடும்பத்தின் கடை

ரிச்சர்டின் தந்தை ஏட்ரியன் குவைனியும் ஜவுளி வணிகர்தான். 1559, 1571, 1582 ஆகிய ஆண்டுகளில் மூன்று முறை நகரத்தலைவராகத் தேர்வானவர். 1552இல் ஹென்லி தெருவில் அனுமதியின்றிக் குப்பைமேடு வைத்ததற்காக அபராதம் கட்டிய மூவருள் அவரும் ஒருவர். மற்றவர்களுள் கையுறை வணிகர் ஜான் ஷேக்ஸ்பியர், அதாவது நாடகாசிரியரின் தந்தை, இருந்தார். இருபது ஆண்டுகள் கழித்து, 1572 தொடக்கத்தில், அதே இருவரும் நகரத்தின் பிரதிநிதிகளாக லண்டனுக்குக் குதிரையேறிச் சென்றார்கள். அபராதம் கட்டிய தெருவாசிகள் நகரத்தின் தூதர்களான இந்த மாற்றத்தைத் தந்தையிடம் கண்டு வளர்ந்தவர் ரிச்சர்ட். 1580இல் அவர் மணந்த எலிசபெத், தாமஸ் ஃபிலிப்ஸ் என்ற மற்றொரு ஜவுளி வணிகரின் மகள். அதே ஆண்டுவாக்கில் நகரமன்றத்திலும் அவருக்கு இடம் கிடைத்தது. திருமணம், தொழில், அரசியல் மூன்றும் ஒரே தெருவுக்குள் நடந்தேறின.

குவைனியின் கடையில் பட்டும் லினனும் மெல்லிய துணிகளும் மட்டும் விற்றிருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. மாவட்ட நகரங்களில் இத்தகைய கடைக்காரர் எது ஓடுகிறதோ அதை வாங்கி விற்பவர். 1598இல் லண்டனில் தங்கியிருந்த மகனுக்கு முதியவர் ஏட்ரியன் எழுதிய கடிதம் ஒன்றில் அந்தத் தொழிலின் நாடி தெரிகிறது. ஷேக்ஸ்பியரோடு பேரம் படிந்தாலோ பணம் கிடைத்தாலோ, முடிந்தவரை வீட்டுக்குக் கொண்டு வா. பின்னல் காலுறைகள் அங்கே என்ன விலைக்குப் போகின்றன என்று பார். ஈவ்ஷமில் அவற்றை வாங்கிக் குவிக்கிறார்கள் என்கிறார். இன்னார் போய் இருபது பவுனுக்குக் காலுறை பிடித்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதாகவும், கையில் பணமிருந்தால் உனக்கும் நல்ல லாபம் உண்டு என்றும் சேர்த்துச் சொல்கிறார். வயது முதிர்ந்த பிறகும் அண்டை ஊர்ச் சந்தையில் யார் எவ்வளவு முதல் போட்டார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. எங்கே மலிவு, எங்கே கிராக்கி, நடுவில் கைமாற்றுக்கு யார் என்ற மூன்று கேள்விகளில் அடங்கிய வணிகம் அது.

ஊரின் துணித் தொழிலோ தேய்ந்துகொண்டிருந்தது. துணி நெய்வதாலும் நூல் நூற்பதாலும் முன்பு பிழைத்த ஏழைகள் இப்போது பெரும் வறுமையில் வாடுகிறார்கள் என்று 1590இல் கருவூலத் தலைவர் பர்லி பிரபுவுக்கு அனுப்பிய மனுவில் நகரமன்றமே எழுதியது. அந்த இடத்தை நிரப்பியது மால்ட். பார்லியை ஊறவைத்து, முளைகட்டி, சூளையில் உலர்த்தி, பியர் காய்ச்சுவோருக்கு விற்கும் தொழில் இது. எங்கள் வீடுகளே வேறெதற்கும் உதவாதபடி இதற்கென்று கட்டப்பட்டவை என்று நகரத்தார் வாதாடும் அளவுக்கு ஊர் அதை நம்பியிருந்தது. குவைனியும் தானியத்தைப் பெருமளவில் வாங்கி விற்பவர், மால்ட் தயாரிப்பவர் என்று 1595ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பதிவாகியிருக்கிறார்.

அவர் வாழ்வில் எனக்கு உறுத்தலான பகுதி இதுதான். 1594 முதல் தொடர்ந்து விளைச்சல் பொய்த்து, தானிய விலை ஏறி, ஏழைகள் ரொட்டிக்குத் தவித்த ஆண்டுகள் அவை. பார்லியை மால்ட்டாக்கிச் சேமிப்பதைப் பதுக்கல் என்றே மக்கள் கருதினார்கள். அரசவையில் செல்வாக்குமிக்க எசெக்ஸ் பிரபு வந்து இந்த மால்ட்காரர்களை அவரவர் வீட்டு வாசலிலேயே தூக்கில் தொங்கவிடுவதைப் பார்க்க வேண்டும் என்று ஊரில் ஒருவர் சொன்னதை, குவைனியின் நெருங்கிய நண்பரும் சக மன்ற உறுப்பினருமான ஆபிரகாம் ஸ்டர்லி 1598 ஜனவரியில் அவருக்கே எழுதித் தெரிவித்தார். நகரத்தின் நலனுக்காக லண்டனில் அலைந்த அதே மனிதர், நகரத்து ஏழைகளின் கோபத்துக்கு ஆளான வகுப்பிலும் இருந்தார். இவ்விரண்டையும் சேர்த்தே அவரை மதிப்பிட வேண்டும்.

மில்கோட்டின் கிரெவில்

நகரின் புதிய நிலப்பிரபுவாக வந்தவர், அருகிலுள்ள மில்கோட்டைச் சேர்ந்த எட்வர்டு கிரெவில். அவருடைய தந்தை லுடோவிக் கிரெவில், தம் குத்தகைதாரர் ஒருவரை ஆள் வைத்துக் கொன்ற வழக்கில் 1589 நவம்பரில் இறந்தவர். குற்றத்தை ஒப்புக்கொள்ளவோ மறுக்கவோ மாட்டேன் என்று வாய்மூடி நின்றதால், அக்காலச் சட்டப்படி நெஞ்சில் பாரமேற்றி நசுக்கப்பட்டார். வாக்குமூலம் தராமல் இறந்தால் தீர்ப்பு இல்லை. தீர்ப்பு இல்லாவிட்டால் சொத்துப் பறிமுதல் இல்லை. அப்படிக் காப்பாற்றப்பட்ட சொத்தோடு தொடங்கிய மகன், அடுத்த ஆண்டே ஸ்ட்ராட்ஃபர்டின் நிலவுரிமையைக் கைக்கொண்டார். 1592இல் குவைனி முதன்முறை நகரத்தலைவராகத் தேர்வானபோது, கிரெவில் ஒப்புதல் தர மறுத்தார். பெரிய மனிதர்கள் இடைபுகுந்த பின்பே இணங்கினார். குவைனி பதவியேற்றார், ஆனால் தேர்தலுக்கு மேல் ஒரு கை இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

அப்போதும் உறவு முறியவில்லை. லண்டனில் காரியம் நடக்க வேண்டுமென்றால் அரசவையில் செல்வாக்குள்ள ஒருவர் வேண்டும். ஸ்ட்ராட்ஃபர்டுக்குக் கிட்டத்தில் இருந்த அத்தகையவர் கிரெவில்தான். அவர் ஆலோசனைப்படியே நகரத்தின் மனுக்கள் சில நேரம் நகர்ந்தன, சில நேரம் நிறுத்திவைக்கப்பட்டன.

தீ, வரி, லண்டன்

1594 செப்டம்பரிலும் 1595 செப்டம்பரிலும் அடுத்தடுத்து இரண்டு பெருந்தீ ஸ்ட்ராட்ஃபர்டைத் தின்றது. 120 குடியிருப்பு வீடுகளும் வேறு 80 கட்டடங்களும் அழிந்தன. இழப்பு 12,000 பவுனுக்கு மேல் என்று நகரம் கணக்கிட்டது. கூரை வேய்ந்த மரவீடுகள், சூளைகள், வைக்கோல், காய்ந்த தானியம் எல்லாம் ஒட்டி ஒட்டி இருந்த ஊரில் தீ பரவுவதற்கு வேறென்ன வேண்டும்? இரண்டு தீயும் ஞாயிற்றுக்கிழமையில் பிடித்ததால், ஓய்வுநாளை மதியாத ஊருக்குக் கிடைத்த தண்டனை என்று பிரசங்கிகள் பேசினார்கள். நகரமன்றம் செய்த காரியம் நடைமுறை சார்ந்தது: பிற ஊர்களில் நிவாரணம் திரட்ட ஆட்களை அனுப்பியது. அனுப்பப்பட்டவர்களுள் குவைனியும் ஒருவர்.

அதே வேளையில் ஸ்பெயினோடும் அயர்லாந்திலும் நடந்த போர்களுக்காக நாடாளுமன்றம் வரிமேல் வரி விதித்துக்கொண்டிருந்தது. எரிந்த ஊரும் எரியாத ஊரும் ஒரே அளவில் கட்ட வேண்டும். இந்த வரியிலிருந்து விலக்குப் பெறவும், பட்டயத்தை விரிவாக்கவும் குவைனி 1597, 1598 ஆண்டுகளில் திரும்பத் திரும்ப லண்டன் போனார். அமைச்சர்களின் எழுத்தர்களைப் பார்ப்பது, வாசலில் காத்திருப்பது, மனுவைத் திருத்தி எழுதுவது, மறுநாளும் போவது என்று மாதங்கள் கழிந்தன. கடையை மனைவியும் முதிய தந்தையும் பார்த்துக்கொண்டார்கள். பதினொரு வயது மகன் இளைய ரிச்சர்ட், தனக்கும் தன் சகோதரனுக்கும் இரண்டு நோட்டுப் புத்தகங்கள் வாங்கி வரும்படி, தன் ‘அன்பே மிகுந்த தந்தைக்கு’ லத்தீன் மொழியில் கடிதம் எழுதினான். துணிக்கடைக்காரர் வீட்டுப் பிள்ளை அந்த வயதில் லத்தீனில் எழுதினான் என்பது, நகரமன்றம் ஆண்டுக்கு 20 பவுன் சம்பளம் கொடுத்து ஆசிரியர் வைத்து நடத்திய பள்ளியின் பலன். இந்தக் குடும்பங்கள் நகர உரிமைக்காக ஏன் இவ்வளவு பாடுபட்டன என்பதற்கு அந்தச் சிறு கடிதத்தைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

பணம் கரைந்துகொண்டே இருந்தது. 1598 அக்டோபர் 25 அன்று, புனித பால் தேவாலயத்துக்கு அருகே கார்ட்டர் சந்திலுள்ள பெல் விடுதியில் அமர்ந்து, குவைனி தம் ‘அன்புள்ள நண்பரும் ஊர்க்காரருமான’ வில்லியம் ஷேக்ஸ்பியருக்கு எழுதினார். வேண்டியது 30 பவுன். ஆசிரியரின் ஒன்றரை ஆண்டுச் சம்பளம். முந்தைய ஆண்டு ஷேக்ஸ்பியர் ஸ்ட்ராட்ஃபர்டில் வாங்கிய பெரிய வீட்டுக்குப் பத்திரத்தில் எழுதிய விலையில் பாதி. புஷல் என்பவரும் தாமும், அல்லது மிட்டன் என்பவரும் தாமும் சேர்ந்து பிணை நிற்பதாக உறுதி சொல்கிறார். ராஸ்வெல் என்பவர் இன்னும் லண்டன் வந்து சேரவில்லை என்கிறார். லண்டனில் பட்ட கடன்களிலிருந்து தம்மை விடுவித்தால், கடன்பட விரும்பாத தம் மனம் மிகவும் அமைதியடையும் என்கிறார். என்னால் உங்களுக்குப் பெயரும் கெடாது, பணமும் போகாது என்று வாக்குக் கொடுக்கிறார். நேரமில்லை, அரசவைக்குப் புறப்பட்டுக்கொண்டிருக்கிறேன், இன்றிரவு திரும்ப மாட்டேன் என்ற அவசரம் வரிக்கு வரி தெரிகிறது.

வங்கிகள் இல்லாத காலத்தில் கடன் இப்படித்தான் நடந்தது. 1571ஆம் ஆண்டுச் சட்டம் நூற்றுக்குப் பத்து வரை வட்டி வாங்குவதைப் பொறுத்துக்கொண்டது. ஆனால் கடன் கொடுப்பவர் பார்த்தது கையெழுத்திடுபவர் யார், கூடப் பிணை நிற்பவர் யார் என்பதைத்தான். இங்கே கூர்ந்து பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. ராஸ்வெல் கிரெவிலின் காரியக்காரர். மிட்டனும் அதே வட்டத்தைச் சேர்ந்தவர். நகரத்தின் வேலைக்காக வந்து கடன்பட்ட வணிகர், பின்னாளில் தம் நகரத்தோடு மோதப்போகும் நிலப்பிரபுவின் ஆட்களையே பிணைக்கும் பணத்துக்கும் நம்பியிருந்திருக்கிறார். வேறு வழி அவருக்கு இருந்திருக்காது.

அதே நாளில் குவைனி ஊருக்கும் எழுதியிருந்தார். நம் ஊர்க்காரர் ஷேக்ஸ்பியர் பணம் ஏற்பாடு செய்து தருவார் என்று அதில் கண்டதைக் குறிப்பிட்டு, எப்போது, எங்கே, எப்படி என்று தெரிந்தால் மகிழ்வேன் என ஸ்டர்லி நவம்பர் 4 அன்று பதில் போட்டார். வாக்குறுதிகளை நம்பிப் பழகிக் களைத்தவரின் எச்சரிக்கை அந்த வரியில் இருக்கிறது. மடித்து முத்திரையிட்ட கடிதம் ஷேக்ஸ்பியர் வீட்டுத் தாள்களில் கிடைக்கவில்லை. குவைனியின் தாள்களோடு நகரமன்றத்தின் ஆவணங்களுக்குள் கிடந்ததை 1793இல் எட்மண்ட் மலோன் என்ற அறிஞர் கண்டெடுத்தார். அனுப்பாமலே, நேரில் சந்தித்துப் பேசியிருக்கலாம். பதவியில் இருக்கும்போதே அவர் இறந்ததால் சொந்தக் கடிதங்களும் நகரத்துக் கணக்குகளும் ஒன்றாகக் கலந்துவிட்டன என்றே நினைக்கிறேன். அவர் வாழ்ந்தபோதும் அவை தனித்தனியாக இருந்ததில்லை.

அலைச்சல் வீண்போகவில்லை. இருமுறை தீயால் அழிவுண்ட ஊர் என்பதை ஏற்று, 1599 ஜனவரி இறுதியில் அரசி வரிவிலக்கு அளித்தார். குவைனியின் லண்டன் செலவுகளும் அரச கருவூலத்திலிருந்து திருப்பித் தரப்பட்டன. ஒரு ஜவுளி வணிகர் தம் பொறுமையால் மட்டுமே வென்ற வெற்றி அது, ஸ்ட்ராட்ஃபர்டின் வரலாற்றில் மிகப் பெரிய வெற்றிகளுள் ஒன்று.

பான்கிராஃப்ட் வேலியும் கடைசி ஆண்டும்

ஆற்றோரத்தில் பான்கிராஃப்ட் என்ற பொது மேய்ச்சல் நிலம் இருந்தது. ஊரார் தங்கள் மாடுகளையும் குதிரைகளையும் விட்ட இடம். கிரெவில் அதைத் தம் நிலமென்று வேலி போட்டு அடைத்தார். 1601 தொடக்கத்தில் குவைனியும் மன்ற உறுப்பினர் சிலரும் நேரே போய் அந்த வேலியைப் பிடுங்கி எறிந்தார்கள். கலகம் செய்ததாக அவர்கள் மீது கிரெவில் வழக்குப் போட்டார். சந்தைக்கு வரும் தானியத்தின் மீதான சுங்கமும் யாருக்கு என்ற தகராறு இதோடு சேர்ந்தது. நகரத்தின் பழைய உரிமைகளுக்குச் சாட்சி சொல்லத் தக்க முதியவர்களின் பட்டியல் ஒன்று தயாரானது. அதில் ஏட்ரியன் குவைனியின் பழைய தெருவாசி ஜான் ஷேக்ஸ்பியரின் பெயரும் உண்டு. அந்த ஆண்டு செப்டம்பரிலேயே அவர் காலமானார்.

குவைனி மறுபடி லண்டன் போனார். அரசுத் தலைமை வழக்கறிஞர் எட்வர்டு கோக்கின் ஆலோசனையைப் பெறுவது அவர் நோக்கம். எஜமானரைப் பார்க்க விடும்படி அவருடைய எழுத்தருக்கும் வாயிற்காவலருக்கும் கொடுத்த பணத்தைச் செலவுக் குறிப்பில் எழுதிவிட்டு, இந்தக் குழப்பங்களால் அவருக்கு ஓய்வே கிடைக்கவில்லை என்று சேர்த்திருக்கிறார். பிப்ரவரி 8 அன்று எசெக்ஸ் பிரபு அரசிக்கு எதிராக லண்டன் தெருக்களில் கிளர்ந்தெழுந்து பிடிபட்டிருந்தார். அந்த வழக்கை நடத்திக்கொண்டிருந்தவர் கோக். நாட்டையே உலுக்கிய கலகம், ஸ்ட்ராட்ஃபர்ட் வணிகரின் கணக்கில் ஒரு வீண்செலவாகப் பதிவாகியிருக்கிறது.

செப்டம்பரில் நகரமன்றம் அவரையே மீண்டும் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. நிலப்பிரபு ஒப்புதல் தரவில்லை என்று தெரிந்தும் எடுத்த முடிவு அது. அந்த வாக்கெடுப்பை எந்தப் பட்டய வாசகத்தையும்விட உறுதியான சுயாட்சிப் பிரகடனமாக நான் மதிக்கிறேன்.

அடுத்த ஆண்டுச் சந்தையின்போது நடந்ததை நகரத்தாரின் குறிப்பு ஒன்று சொல்கிறது. கிரெவிலின் ஆட்கள் சிலர் குடித்துவிட்டு, தாங்கள் குடித்த வீட்டுக்காரர் மீதே குத்துவாள் உருவினார்கள். ஊர் ஒழுங்கைப் பார்க்க இரவு நேரத்தில் சுற்றி வந்த தலைவர் கூச்சலைக் கேட்டு உள்ளே போய், அமைதி காக்கும்படி ஆணையிட்டார். அவர்கள் அடங்கவில்லை. தடுக்க முனைந்தவரின் தலை படுமோசமாக உடைக்கப்பட்டது. கிரெவில் தம் ஆளைத் தாமும் தண்டிக்கவில்லை, பிறர் தண்டிக்கவும் விடவில்லை. வேலையிலிருந்து நீக்குவதுபோல் காட்டிவிட்டு மறுபடி சேர்த்துக்கொண்டார் என்று அந்தக் குறிப்பு முடிகிறது.

நகரத்தலைவர் என்ற முறையில் அமைதி காக்கும் அதிகாரம் குவைனிக்குச் சட்டப்படி இருந்தது. அந்த அதிகாரத்துக்குப் பின்னால் நிற்க நகரத்திடம் இருந்தவர்கள் சில காவலர்கள் மட்டுமே. எதிரில் ஆயுதம் தாங்கிய பணியாட்களை வைத்திருந்த ஒரு பிரபு. கொலையாளியை யார் விசாரிப்பது என்ற கேள்விக்கு மாவட்டத்தின் நீதி அமைப்பில் பதிலில்லாமல் போனதற்கு, அந்த அமைப்பை நடத்தியவர்கள் கிரெவிலின் வகுப்பைச் சேர்ந்தவர்கள் என்பதே காரணம். குவைனி இறந்த விதம் தற்செயலாக இருக்கலாம். தண்டனை இல்லாமல் போனது தற்செயல் அன்று.

கிரெவில் நெடுங்காலம் நிலைக்கவில்லை. கடனில் மூழ்கி, தந்தை உயிரைக் கொடுத்துக் காத்த சொத்தை லயோனல் கிரான்ஃபீல்டு என்ற லண்டன் வணிகரிடம் இழந்தார். கிரான்ஃபீல்டும் துணி வணிகத்தில் உயர்ந்து பின்னர் அரசின் கருவூலத் தலைவரானவர். 1610இல் முதலாம் ஜேம்ஸ் மன்னர் ஸ்ட்ராட்ஃபர்டுக்குப் புதிய பட்டயம் அளித்து, குவைனி வேண்டி அலைந்தபடி நகரத்தின் அதிகாரங்களை விரிவாக்கினார்.

குடும்பம் தாக்குப்பிடித்தது. லத்தீனில் கடிதம் எழுதிய மகன் லண்டனில் மளிகை வணிகரானார். இன்னொரு மகன் தாமஸ் மது வணிகராகி, 1616 பிப்ரவரியில் ஷேக்ஸ்பியரின் மகள் ஜூடித்தை மணந்தார். விதவை எலிசபெத், எழுதத் தெரியாத நிலையிலும், குழந்தைகளை வளர்த்துத் தொழிலை நடத்தினார். 1611 டிசம்பரில் அவரும் மகன் ஏட்ரியனும் ஒரு வீட்டை 131 பவுனுக்கு விற்றார்கள். பத்திரத்துக்குச் சாட்சியாகத் தன் குறியை இட்டவர்களுள் ஜூடித் ஷேக்ஸ்பியரும் ஒருவர்.